கூம்புத் தொட்டியும் கொடுங்கையூரும்: நேரியலற்ற கட்டுப்பாட்டியலை எங்கிருந்து படிப்பது?

வியாசர்பாடி எம்.கே.பி. நகரிலிருந்து வடக்கே போனால் கொடுங்கையூர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அதையும் தாண்டினால் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. தெற்கே பேசின் பிரிட்ஜில் கேஸ் டர்பைன் மின்நிலையம். கிழக்கே சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் கிரேன்கள். இன்னும் வடக்கே, எண்ணூர்க் கடலோரத்தில் வடசென்னை அனல்மின் நிலையமும் காமராசர் துறைமுகமும். இந்த வட்டாரத்திலிருந்து பொறியியல் படிக்கப் போகும் மாணவர் ஒருவர் கல்லூரியில் 'கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்' தாளை எடுக்கிறார். அந்தத் தாளின் கணக்குகள் ஏறக்குறைய எல்லாமே நேரியல் கணக்குகள். அவர் வீட்டைச் சுற்றியுள்ள ஆலைகளிலோ முழுக்க முழுக்க நேரியலாக நடக்கும் இயந்திரம் ஒன்றுகூடக் கிடையாது.

இதைப் பாடத்திட்டத்தின் குறை என்று உடனே சொல்லிவிட முடியாது. நேரியல் கணக்கு ஒரு தோராயம். பெரும்பாலான நேரம் நன்றாகவே வேலை செய்யும் தோராயம். அது எந்த இடத்தில் கைவிடும் என்பதை முன்கூட்டியே கணக்கிடத் தெரிவதுதான் நேரியலற்ற கட்டுப்பாட்டியல். நம் பல்கலைக்கழகங்களில் இந்த 'எந்த இடத்தில்' என்ற கேள்வி விருப்பப்பாடத்தின் கடைசி அலகுகளுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அதை முதல் பாடத்திலேயே எழுப்ப வேண்டும், எழுப்பவும் முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நேர்கோட்டின் வசதி

உள்ளீட்டை இரட்டித்தால் வெளியீடும் இரட்டிக்கும். இரண்டு உள்ளீடுகளைச் சேர்த்துக் கொடுத்தால் விளைவுகளும் அப்படியே சேரும். இந்த இரண்டு பண்புகளும் இருந்தால் அது நேரியல் அமைப்பு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே முழுக்கச் செல்லும்: ஓர் அலகு உந்துதலுக்கு அமைப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால் போதும், எல்லா உந்துதல்களுக்கும் விடை கிடைத்துவிடும். லாப்லாஸ் மாற்றம், ரூத் அட்டவணை, ரூட் லோக்கஸ், போடே வரைபடம், நைக்விஸ்ட் வளைவு ஆகிய அனைத்தும் இந்த ஒரு சலுகையின் மேல் நிற்பவை. நாக்ராத்–கோபால் புத்தகமோ நாகூர் கனி புத்தகமோ கையில் வைத்துப் படித்த தலைமுறைகளுக்கு இவை மனப்பாடம்.

ஆலைகளில் இது ஏன் செல்லுபடியாகிறது? ஓர் ஆலை மாதக்கணக்கில் ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில் ஓடும். அந்தச் செயல்புள்ளியை ஒட்டிய சிறு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் எந்த வழவழப்பான வளைவும் நேர்கோடாகவே தெரியும். ஆலையைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும், சரக்கு மாறும்போதும், மழை கொட்டும்போதும்தான் அந்தச் சிறு பகுதியை விட்டு வெளியே வருகிறோம். சிக்கல்களும் அங்கேதான் காத்திருக்கின்றன.

விருப்பப்பாடமாக வரும் உயர்நிலைத் தாளில் ஃபேஸ் பிளேன், டிஸ்கிரைபிங் ஃபங்ஷன், லியாபுனோவ், பாப்போவ் என்று தலைப்புகள் அடுக்கப்பட்டிருக்கும். மாணவர் அவற்றைத் தனித்தனி உத்திகளாகப் படித்து, தனித்தனிக் கேள்விகளாக எழுதிவிட்டு வெளியே வருகிறார். அவை எல்லாம் ஒரே கேள்விக்கான வெவ்வேறு விடைகள் என்பது பலருக்குப் புலப்படாமலே போகிறது.

ஆய்வகத்தில் ஒரு கூம்பு

தமிழ்நாட்டின் கருவியியல் துறைகள் பலவற்றில் ஒரு கூம்புத் தொட்டி இருக்கும். மேலே அகன்று கீழே குறுகிய பாத்திரம். அடியில் ஒரு வடிகால். மேலிருந்து பம்பு நீர் ஊற்றும். நீர்மட்டத்தை ஒரு டிரான்ஸ்மிட்டர் அளந்து கணினிக்கு அனுப்பும். நீர்மட்டத்தைச் சொன்ன உயரத்தில் நிறுத்த வேண்டும். எளிய வேலைபோலத் தெரியும்.

உயரம் 60 செ.மீ., மேல்வாய் ஆரம் 20 செ.மீ. கொண்ட கூம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீர் 15 செ.மீ. உயரத்தில் நிற்கும்போது அதன் பரப்பின் ஆரம் 5 செ.மீ., பரப்பளவு ஏறக்குறைய 79 சதுர செ.மீ. நீர் 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஆரம் 15 செ.மீ., பரப்பளவு 707 சதுர செ.மீ. உயரம் மூன்று மடங்கு. பரப்பளவு ஒன்பது மடங்கு. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கூடுதலாக ஊற்றினால் கீழ்மட்டத்தில் நீர் விநாடிக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் ஏறும். மேல்மட்டத்தில் கால் மில்லிமீட்டர்கூட ஏறாது. வடிகாலில் வெளியேறும் நீரோ உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், அமைப்பின் கால மாறிலி உயரத்தின் 2.5-ஆம் அடுக்காக வளர்கிறது. அதாவது 15 செ.மீ. மட்டத்தில் இருப்பதைவிட 45 செ.மீ. மட்டத்தில் தொட்டி ஏறக்குறைய 15.6 மடங்கு மந்தமானது.

இப்போது மாணவர் 45 செ.மீ. மட்டத்தில் ஒரு பிஐடி கண்ட்ரோலரை ட்யூன் செய்கிறார். மந்தமான தொட்டியை விரட்டிப் பிடிக்கப் பெரிய கெயின் (விலகலைப் பெருக்கும் எண்) வைக்கிறார். வரைபடம் அழகாக வருகிறது. அதே கண்ட்ரோலரை 15 செ.மீ. மட்டத்துக்குக் கொண்டுவந்தால், அதே கட்டளைக்கு நீர்மட்டம் ஒன்பது மடங்கு வேகமாக எகிறுகிறது. பம்பும் குழாயும் சேர்ந்து கொடுக்கும் சிறு தாமதம் போதும். மட்டம் மேலும் கீழும் ஊசலாடத் தொடங்கிவிடும். கண்ட்ரோலர் அதேதான், தொட்டியும் அதேதான். மாறியது உயரம் மட்டுமே.

இதற்குத் தீர்வுகள் உண்டு. உயரத்தைச் சில பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி கெயின் வைக்கலாம்; கெயின் ஷெட்யூலிங் என்பது இது. இன்னும் துணிச்சலான வழி, வளைவையே கணக்கில் அழித்துவிடுவது: வடிகாலில் போகும் நீரைக் கணித்து அதைப் பம்பின் கட்டளையில் கூட்டி, மீதிக் கட்டளையை அந்தந்த உயரத்தின் பரப்பளவால் பெருக்கிக் கொடுத்தால், வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தொட்டி நேரியலாகத் தெரியும். ஃபீட்பேக் லீனியரைசேஷன் என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் இவ்வளவுதான். ஆனால் வடிகாலில் உப்பு படிந்து அதன் குணகம் மாறினால் அழித்தல் அரைகுறையாகும். பம்பு தன் உச்ச வேகத்தைத் தொட்டுவிட்டால் கணக்கு கேட்கும் நீரை அதனால் கொடுக்க முடியாது. ஒவ்வொரு தீர்வும் தன்னோடு ஓர் எல்லையைக் கொண்டுவருகிறது.

கப்பலிலிருந்து வந்த பிஐடி

ஆலைகளில் இன்று ஓடும் பிஐடி முறைக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் நிக்கோலாஸ் மினோர்ஸ்கி. ரஷ்யக் கடற்படையில் இருந்து அமெரிக்கா சென்றவர். 1922-இல் அவர் எழுதிய கட்டுரை கப்பலைத் தானாகத் திருப்புவது பற்றியது. 'நியூ மெக்ஸிகோ' என்ற போர்க்கப்பலில் அந்த முறை சோதிக்கப்பட்டது. அனுபவமுள்ள மாலுமி திசை விலகலை மட்டும் பார்ப்பதில்லை. விலகல் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது, எவ்வளவு நேரமாக நீடிக்கிறது என்பதையும் பார்த்தே சுக்கானைத் திருப்புகிறார் என்று அவர் கண்டார். பிஐடியின் மூன்று உறுப்புகளும் அந்தக் கவனிப்பில் இருக்கின்றன.

அதே மினோர்ஸ்கி 1947-இல் நேரியலற்ற இயக்கவியலுக்கு ஓர் அறிமுக நூலை எழுதினார் என்பதை வகுப்பறைகள் சொல்வதில்லை. துறைமுகத்துக்குள் நுழையும் சரக்குக் கப்பலை நினைத்தால் நேரியலற்ற பார்வை ஏன் தேவை என்பது விளங்கும். வேகம் குறையக் குறையச் சுக்கானின் பிடி தளரும்; காலிக் கப்பலும் நிறைகப்பலும் ஒரே மாதிரி திரும்பா; அடியில் ஆழம் குறைந்தால் நடத்தை மறுபடியும் மாறும். ஒரே கெயின் கொண்டு எல்லாத் தருணத்தையும் சமாளிக்க முடியாது.

கிரேன், வால்வு, செரிகலன்

வடசென்னையில் நேரியலற்ற தன்மை மூன்று வெவ்வேறு முகங்களோடு நிற்கிறது.

முதலாவது கிரேன். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-இல் தொடங்கியது. கிரேனின் டிராலியைத்தான் மோட்டார் நகர்த்துகிறது. கயிற்றில் தொங்கும் கன்டெய்னரை நேரடியாகப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. பாடநூல் இதை ஊசல் என்று சொல்லி, நேரியலற்ற தன்மை சைன் சார்பில் இருப்பதாகக் காட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 10 பாகை ஆட்டத்தில் அந்தத் தோராயத்தின் பிழை அரை சதவீதம்தான். உண்மையான தலைவலி கயிற்றின் நீளம். 10 மீட்டர் கயிற்றில் ஒரு முழு ஆட்டத்துக்கு 6.3 விநாடி, 30 மீட்டரில் 11 விநாடி. டிராலி ஓடிக்கொண்டிருக்கும்போதே கயிறும் சுருங்குகிறது. சுருங்கும்போது ஆட்டத்தின் கோணம் கூடுகிறது. ஆட்டத்தை அடக்க, அரை ஆட்ட நேர இடைவெளியில் இரண்டு தள்ளல்களாக முடுக்கத்தைப் பிரித்துக் கொடுக்கும் முறை உண்டு. முதல் தள்ளல் எழுப்பிய ஆட்டத்தை இரண்டாவது அழித்துவிடும். அரை ஆட்ட நேரமே மாறிக்கொண்டிருந்தால் கணக்கையும் அதோடு நகர்த்த வேண்டும். நேரியலற்ற தன்மை எங்கே இருக்கிறது என்று தேடுவதே பாதி வேலை என்பதற்குக் கிரேன் நல்ல சான்று.

இரண்டாவது வால்வு. சுத்திகரிப்பு ஆலை எதிலும் நூற்றுக்கணக்கில் இருக்கும் கண்ட்ரோல் வால்வுகளில் தண்டு பேக்கிங்கில் ஒட்டிக்கொள்வது வழக்கமான கோளாறு. கண்ட்ரோலர் காற்றழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும், தண்டு அசையாது, ஒரு கட்டத்தில் சட்டென்று துள்ளி, வேண்டிய இடத்தைத் தாண்டி நிற்கும். பிறகு எதிர்த்திசையில் இதே கதை. திரையில் கண்ட்ரோலரின் வெளியீடு ரம்பப் பல்லாகவும், ஓட்ட அளவு ஏறக்குறையச் சதுர அலையாகவும் ஓடும். 'வால்வு ஹண்டிங் ஆகுது' என்பார்கள். நேரியல் பாடம் மட்டும் படித்தவர் கெயினைக் குறைப்பார். ஊசலாட்டம் மெதுவாகும், ஆனால் நிற்காது. காரணம் ட்யூனிங்கில் இல்லை, உராய்வில் இருக்கிறது. இத்தகைய ஒட்டலை, ஓடும் ஆலையின் தரவிலிருந்தே கண்டுபிடிக்கும் முறைகளைப் பற்றி 2005-இல் வெளிவந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் ஒருவர், இன்று சென்னை ஐஐடி பேராசிரியராக இருக்கும் ரகுநாதன் ரங்கசாமி.

மூன்றாவது கொடுங்கையூர். அங்கே கழிவுநீரை உண்டு செரிக்கும் நுண்ணுயிர்கள்தான் உண்மையான இயந்திரம். சேற்றைச் செரிக்கும் மூடிய கலனில், அதாவது செரிகலனில், ஒரு கூட்டம் அமிலம் உண்டாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தை மீத்தேனாக்கும். உணவு குறைவாக இருக்கும்போது நுண்ணுயிர்களின் வளர்ச்சி உணவுக்கு ஏற்பக் கூடும். அதிகமானால் ஓர் உச்சத்தில் நிற்கும். அளவு மீறி அமிலம் சேர்ந்தால் மீத்தேன் கூட்டம் நஞ்சுண்டதுபோல் தளர்ந்துவிடும். இந்தத் தளர்ச்சியைச் சமன்பாட்டில் சேர்த்து 1968-இல் ஜான் ஆண்ட்ரூஸ் காட்டிய முடிவு முக்கியமானது. அதன்படி ஒரே உள்ளீட்டுக்கு அமைப்பில் இரண்டு நிலையான சமநிலைகள் இருக்கலாம். ஒன்றில் கலன் நன்றாக இயங்கும், மற்றொன்றில் நுண்ணுயிர்கள் அடித்துச் செல்லப்பட்டுக் கலன் செத்துக் கிடக்கும். முதல் சமநிலையை ஒட்டி எழுதிய நேரியல் மாதிரிக்கு இரண்டாவது சமநிலை இருப்பதே தெரியாது. அதன் கணக்கில் கலன் எப்போதும் மீண்டு வரும். உண்மையில் ஒரு பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு உள்ளீட்டைப் பழையபடி குறைத்தாலும் மீளாது. கொடுங்கையூரில் 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து மணலிப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையமும் இயங்குகிறது. ஒன்றன் வெளியீடு மற்றொன்றின் உள்ளீடாகும்போது, எல்லையை அறியாத கண்ட்ரோலரின் பிழை ஆலை விட்டு ஆலைக்குப் போகும்.

துண்டுகள் நல்லவை, முழுதும் நல்லதா?

இந்த முகங்கள் அனைத்துக்கும் பொதுவான கேள்வியை 1892-இலேயே கார்கிவ் நகரில் ஒரு முனைவர் ஆய்வேடு எழுப்பியது. அலெக்சாந்தர் லியாபுனோவின் அந்த வழியில் சமன்பாட்டைத் தீர்க்கவே வேண்டாம். ஆற்றலைப் போன்ற ஒரு சார்பைத் தேடு. அமைப்பு எந்தப் பாதையில் போனாலும் அந்தச் சார்பு குறைந்துகொண்டே வந்தால் அமைப்பு அடங்கும். இதைவிடப் பெரிய பயன், அந்தச் சார்பு எவ்வளவு பரப்புக்குள் குறைகிறது என்பதிலிருந்து, எவ்வளவு தூரம்வரை தள்ளினால் திரும்பி வரும் என்ற எல்லை கிடைப்பது. செரிகலனுக்கும் கிரேனுக்கும் நமக்குத் தேவைப்படுவது இந்த எல்லைதான். தேர்வில் கேட்கப்படுவதோ பெரும்பாலும் 'நிலையானதா, இல்லையா' என்பது மட்டும்.

எல்லையைக் குறுக்குவழியில் பெற முடியுமா என்று 1949-இல் ஐசர்மான் என்ற ஆய்வாளர் யோசித்தார். ஒரு வளைவு இரண்டு நேர்கோடுகளுக்கு நடுவே அடங்குகிறது. அந்த இடைவெளியில் வரும் ஒவ்வொரு நேர்கோட்டுக்கும் அமைப்பு நிலையாக இருக்கிறது. அப்படியானால் வளைவுக்கும் நிலையாக இருக்க வேண்டுமல்லவா? இயல்பான ஊகம், ஆனால் தவறு என்று எதிர்எடுத்துக்காட்டுகள் வந்தன. 1961-இல் பாப்போவ் தந்த நிபந்தனை, எப்போது அதை நம்பலாம் என்று வரையறுத்தது. பாடத்திட்டத்தில் பாப்போவ் இருக்கிறார். அவர் தேவைப்பட்டதன் காரணமான ஐசர்மானின் சறுக்கல் பெரும்பாலும் இல்லை. காரணத்தை விட்டுவிட்டு விடையை மட்டும் படித்தால் அது மனதில் நிற்காது.

எல்லை புறக்கணிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1967 நவம்பர் 15 சாட்சி. அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தில் தன் கெயினைத் தானே மாற்றிக்கொள்ளும் தகவமைப்புக் கண்ட்ரோலர் இருந்தது. அன்று விமானம் சுழலில் சிக்கி மீண்ட பிறகு, கண்ட்ரோலர் அடங்காத ஊசலாட்டத்தில் மாட்டிக்கொண்டது. குறைய வேண்டிய கெயின் குறையவில்லை. விமானம் வானிலேயே உடைந்து மைக்கேல் ஆடம்ஸ் உயிரிழந்தார்.

தகவமைப்புக் கண்ட்ரோலருக்கு நிலைத்தன்மையை நிரூபித்துக் காட்டுவது அதன்பின் பெரும் ஆய்வாகியது. அதில் முன்வரிசையில் நின்றவர் சென்னைக்காரர். 1933-இல் சென்னையில் பிறந்த கும்பதி நரேந்திரா, 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொறியியல் பட்டம் பெற்று, ஹார்வர்டில் ஆய்வு முடித்து, யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1980-இல் தம் சகஆய்வாளர்களோடு அந்த நிரூபணங்களில் ஒன்றை வெளியிட்டார். அனுராதா அண்ணாசாமியோடு சேர்ந்து 1989-இல் 'ஸ்டேபிள் அடாப்டிவ் சிஸ்டம்ஸ்' நூலை எழுதினார். 1990-இல் பார்த்தசாரதியோடு அவர் எழுதிய கட்டுரை, நியூரல் நெட்வொர்க்கைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒன்று. இன்று ஏ.ஐ. கண்ட்ரோலர் என்று பேசுபவர்கள், கற்றுக்கொள்ளும் கண்ட்ரோலருக்கும் நிரூபணம் வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

திருச்சியிலிருந்து ஒரு மின்சுற்று

நேரியலற்ற ஆய்வுக்குப் பெரிய செலவு வேண்டும் என்ற எண்ணத்தை உடைத்ததும் தமிழ்நாடுதான். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கே.முரளியும் எம்.லட்சுமணனும், லியோன் சுவாவோடு சேர்ந்து 1994-இல் ஒரு மின்சுற்றை வெளியிட்டார்கள். ஒரு மின்தடை, ஒரு மின்தூண்டி, ஒரு மின்தேக்கி, ஒரு சைன் அலை மூலம், இவற்றோடு நேரியலற்ற உறுப்பாக ஒரே ஒரு 'சுவா டயோடு'. வெளி உந்துதலால் இயங்கிக் குழப்பநிலை (கேயாஸ்) காட்டும் சுற்றுகளில் மிக எளியது என்று அதை முன்வைத்தார்கள். முரளி–லட்சுமணன்–சுவா சுற்று என்ற பெயரில் உலகெங்கும் அறியப்படுகிறது. சுவா டயோடைச் சாதாரண ஆப்-ஆம்ப் இரண்டையும் சில மின்தடைகளையும் கொண்டு கட்டலாம். சென்னை ரிச்சி தெருவில் அரைமணி நேரத்தில் எல்லாம் கிடைத்துவிடும்.

உந்துதலின் வீச்சை மெல்லக் கூட்டினால் ஆஸிலோஸ்கோப் திரையில் ஒரு வளையம் இரண்டாகும், இரண்டு நான்காகும், பிறகு ஒழுங்கே இல்லாததுபோல் திரை நிரம்பும். உள்ளீட்டை இரட்டித்தால் வெளியீடு இரட்டிக்கும் என்ற விதி முறிவதைக் கண்ணால் பார்க்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. இந்தக் குழப்பத்தைச் சிறு தள்ளல்களால் அடக்கலாம் என்று 1990-இல் ஒட், கிரெபோகி, யார்க் மூவரும் காட்டினார்கள். குழப்பத்தைக் கட்டுப்படுத்துவதும் இரண்டு அமைப்புகளை ஒத்திசைய வைப்பதும் பற்றி லட்சுமணனும் முரளியும் 1996-இல் தனி நூலே எழுதினார்கள். ஆனால் இந்த வேலை நம் ஊரில் இயற்பியல் துறையின் பெயரில் நடந்தது. கண்ட்ரோல் படிக்கும் மாணவர் அதை அறியாமலே பட்டம் வாங்கிவிடுகிறார். ஒரே வளாகத்தில் இரண்டு துறைகளுக்கு இடையே இருக்கும் சுவர் இதற்கு முக்கியக் காரணம்.

என்ன செய்யலாம்

முதலாவதாக, நேரியல் தாளின் ஒவ்வொரு வடிவமைப்புக் கணக்கோடும் ஒரு துணைக்கேள்வி சேர வேண்டும்: இந்த கெயின் எந்த வீச்சுக்குள் செல்லும்? கூம்புத் தொட்டி இருக்கும் ஆய்வகத்தில் ஒரே மட்டத்தில் ட்யூன் செய்து பதிவேட்டை மூடாமல், மூன்று மட்டங்களில் ஓட்டி, எங்கே ஊசலாட்டம் தொடங்குகிறது என்று பதிய வேண்டும். இதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை.

இரண்டாவதாக, மென்பொருள் விலையைக் காரணம் காட்ட இன்று வழியில்லை. சைலாப், பைத்தான் இரண்டும் இலவசம். ஐஐடிகளின் விரிவுரைகள் என்பிடெல் இணையதளம் வழியாக இலவசம். நூல்களில் ஸ்லோட்டின்–லீ 1991-இல் எழுதியது பொறியாளருக்கு எளிய வாசல். கலீலின் நூலும், ஆந்திரத்தில் பிறந்த எம்.வித்யாசாகரின் நூலும் நிரூபணம் தேடுபவருக்கு. இந்த வரிசையிலேயே படிப்பது நல்லது. நிரூபணத்தில் தொடங்கும் மாணவர் பாதியில் விட்டுவிடுகிறார். சிமுலேஷனோடு நிற்பவரோ தான் கண்ட வரைபடத்தை உண்மை என்று நம்பிவிடுகிறார்.

மூன்றாவதாக, இறுதியாண்டுப் புராஜெக்டுக்கு இன்னொரு முறை அதே டிசி மோட்டார் வேகக் கட்டுப்பாடு வேண்டாம். வடசென்னை மாணவருக்குச் சிக்கல்கள் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன: நீளம் மாறும் கயிற்றில் ஆடும் சுமை, ஒட்டிக்கொள்ளும் வால்வு, இரண்டு சமநிலைகள் கொண்ட செரிகலன். மூன்றையும் மேசை மேல் வைக்கும் அளவில் செய்யலாம். மூன்றுக்கும் சமன்பாடு இரண்டு பக்கத்தில் அடங்கும். ஆலைகளும் துறைமுகமும் தங்கள் பழைய, அடையாளம் நீக்கிய தரவைக் கல்லூரிகளுக்குக் கொடுத்தால், வால்வு ஒட்டலைத் தேடும் பயிற்சி ஒன்றே பல மாணவர்களுக்கு வேலைத் தகுதியாகும்.

நேரியல் பாடத்தைக் குறைக்க வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. அது இல்லாமல் அடுத்த படியில் கால் வைக்க முடியாது. கேட்பது ஒன்றுதான். கண்ட்ரோலரை வடிவமைத்துக் காட்டும் மாணவரிடம் அது வேலை செய்கிறதா என்று கேட்டு மதிப்பெண் போடும் ஆசிரியர்கள், அது எதுவரை வேலை செய்யும் என்றும் கேட்டு, அந்த விடைக்குப் பாதி மதிப்பெண்ணை ஒதுக்க வேண்டும்.